தாய்மீனுக்கு என்ன போட்டீர்கள்?

போன ஞாயிறு வந்த கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை.

பேரணாம்பட்டு போகும் வழியில் என் கணவரின் அண்ணன் — நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன் — மீன்குஞ்சுப் பண்ணை வைத்திருக்கிறார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தோம். தொட்டியில் விட்ட முட்டைகள் பெரும்பாலும் வெள்ளையாகிச் செத்துக் கிடந்தன.

"இந்தப் பொட்டை மீனுங்களுக்கு ராசியில்லம்மா. நாளைக்கே வெட்ட அனுப்பிடறேன்" என்றார் மாமா.

ராசியா? மீனுக்குமா?

"இன்னா தீனி மாமா போட்றீங்க?"

"தோல் பதப்படுத்துற டேனரில சுரண்டுன கொழுப்பு சும்மாவே கெடைக்குது. பாரேன், எப்டி கொழுகொழுன்னு இருக்குதுங்க!"

"மீன்தூள், புண்ணாக்கு கலந்த தீவன மூட்டை இருக்குதே?"

"அது விக்கிற குஞ்சுங்களுக்கு. அதுங்க சீக்கிரம் வளரணும்ல?"

எனக்குச் சுர்ரென்றது. தாய்மீன் தன் உடம்பிலிருந்துதான் முட்டைக்குச் சத்து கொடுக்கிறது. இனப்பெருக்கத்துக்குப் பல வாரம் முன்பே அதற்குப் புரதமும் வைட்டமினும் வேண்டும். வெறும் கொழுப்பு வயிற்றை அடைக்கும். முட்டைக்குத் தெம்பு தராது. பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டுவிட்டு வந்து எங்களுக்குச் சொன்னதே இந்த மாமாதான். சான்றிதழ்கூட ஷெட்டில் ஃப்ரேம் போட்டுத் தொங்குகிறது!

சாப்பிடக் கூப்பிட்டார் செல்வி அக்கா — மாமாவின் மனைவி. ஷூ கம்பெனியில் வேலை. இரண்டு முறை கரு கலைந்து, இப்போது ஐந்தாவது மாதம். மாமா தட்டில் இரண்டு அவித்த முட்டை. எல்லோரும் எழுந்த பிறகு உட்கார்ந்த அக்காவுக்கு... ரசம், ஊறுகாய்.

"அக்கா, உங்களுக்கு முட்டை?"

"அவருதான் வெயில்ல நிக்கிறாரு. எனக்கு எதுக்கும்மா?"

கரு கலைய ஆயிரம் காரணம் இருக்கலாம். நான் டாக்டர் இல்லை. ஆனால் போன முறை கலைந்தபோது இதே வீட்டில், 'இவளுக்கு ராசியில்ல' என்று இதே வாய் சொன்னதைக் கேட்டவள்.

"மாமா, அக்காவையும் நாளைக்கு வெட்ட அனுப்பிடுவீங்களா?"

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த என் கணவருக்குப் புரையேறியது. மாமா விருட்டென்று வெளியே போய்விட்டார்.

வண்டியில் திரும்பும்போது வழக்கம்போல் குழப்பம். அதிகம் பேசிவிட்டேனோ? பெரியவர் ஆயிற்றே... அக்காவுக்குத்தான் திட்டு விழுமோ?

மறுநாள் அக்காவே போன் செய்தார். "மீனுங்கள அனுப்பலம்மா. தீவன மூட்டைய தாய்மீன் குளத்தாண்ட தூக்கினு போய்ட்டாரு."

"சரிக்கா. முட்டை?"

"அடுப்புல ரசம் கொதிக்குதும்மா" என்று போனை வைத்துவிட்டார்.

இந்த ஞாயிறும் போகிறேன். முட்டையை நானே அவித்து, நானே உரித்து, அக்கா தட்டில் முதலில் வைப்பேன் — மாமா பார்க்கப் பார்க்க.