இடிபடாத வெள்ளைக் கல்

ஒரே இடிகல். ஒரே அளவில் இரண்டு வெள்ளைக் கற்கள். உங்கள் தம்பி இடித்தது மாவாகிவிட்டது, நீங்கள் இடித்தது அப்படியே முழித்துக்கொண்டு கிடக்கிறது. தப்பு யார் மேல் என்பீர்கள்?

என் மேல்தான் என்று நான் நினைத்தேன். எனக்கு அப்போது பத்து வயது. பள்ளியில் குண்டு எறிதலில் நான்தான் முதலாவது. தம்பியோ, காற்றடித்தால் அடுத்த ஊரான கோலா தெர்லா வரை பறந்துவிடுகிற ஆள்.

கற்களைக் கொண்டுவந்தது மாமா, அம்மாவின் தம்பி. ஈப்போ பக்கம் ஒரு சிமெண்ட் தொழிற்சாலையில் கல் அரைக்கும் மில்லை ஓட்டுகிற புது வேலை அவருக்கு. அப்பா தன் பழைய கூட்டாளியான அங்குள்ள சூப்பர்வைசரிடம் சொல்லி வாங்கிக் கொடுத்தது. ஆனால் மாமா சேர்ந்ததிலிருந்து தூள் கொரகொரவென்று வருகிறதாம், அதுவும் குறைவாக. திங்கட்கிழமை வேலை போய்விடும்.

"அத்தான், நீங்க சூப்பர்வைசருக்கு ஒரு போன் கோல் அடிச்சா கேப்பாருலா."

அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கெழுதும் கிராணி. "முத்தலோ கொழுந்தோ, எந்த இலையா இருந்தாலும் மெஷின ஒழுங்கா ஓட்டுனா தூள் வரும். நீ தூங்கியிருப்ப மச்சான்."

"இது தேயில இல்ல அத்தான், கல்லு! நான் சேந்த வாரந்தான் மலையில வேற பக்கம் வெட்டுறாங்க. இந்தக் கல்லு பழைய பக்கத்துது, சுண்ணாம்பு, சீக்கிரம் மாவாயிரும். அந்தப் புதுப் பக்கத்துக் கல்லுல மணல் மாதிரி சிலிக்கா கூட, லேசுல அரையாது. பாத்தா ரெண்டும் ஒண்ணுதான்."

அப்பா நம்பவில்லை. மாமா உடனே அம்மா மிளகாய்ச் சம்பல் இடிக்கும் இடிகல்லைத் தூக்கிவந்து நடுவீட்டில் வைத்தார். ஆளுக்கு ரேடியோவில் ஒரு பாட்டு முடியும் வரை இடிக்க வேண்டும். சுண்ணாம்பைத் தம்பியிடமும் மற்றதை என்னிடமும் கொடுத்தார்.

தம்பியின் பாட்டு முடிவதற்குள் அவன் கல் முகத்துக்குப் பூசும் பவுடர் மாதிரி ஆகிவிட்டது. எனக்கு வந்த பாட்டு நீளமானது வேறு. கை எரிந்தது. தெறித்த சில்லு டிவியில் பட்டது.

"ஐயோ, என் சம்பல் கல்லு போச்சு!" என்று அம்மா கத்தினார்.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "என்னா பாப்பா, சாப்பிடலியா? மாமா மாதிரி சோம்பேறி ஆயிட்டியா?"

நான் ஓவென்று அழுதேன். மாமா என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"நீ நல்லாத்தான் இடிச்சம்மா. கல்லு அப்படி."

"பொய்!" என்று கத்தினேன். சும்மா ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் ஏன் என்னைப் பார்க்காமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பது மட்டும் புரியவில்லை. அப்பா டிவி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சூப்பர்வைசரை அழைக்கப் போனை எடுக்கவே இல்லை.

மாமா இப்போது கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி விற்கிறார்.