ஒட்டகத்துக்கு எடுத்த படம்

எழுபதுகளின் கடைசியில், தானா ராத்தா என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் லோரியில் கொழுந்துக் கூடை ஏற்றிக்கொண்டிருந்தேன். சுற்றுலாக்காரர்கள் ஏறி உட்காரத் தோட்டத்துத் துரை ஓர் ஒட்டகம் வாங்கியிருந்தார். களைக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்த ஒருவரை அதற்குக் காவல் போட்டார்கள். ஒல்லியான ஆள். வாயால்தான் மூச்சு விடுவார். குனிவதற்கு முன் கண்ணுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திக்கொள்வார்.

மலைக்குளிரில் ஒட்டகத்துக்கு மூக்கில் சீழ் வடிந்தது. ஈப்போவிலிருந்து மாட்டு டாக்டர் எக்ஸ்ரே மெஷினோடு வந்தார். ஒட்டகத்தின் கன்னத்தில் தகட்டை அணைத்துப் பிடித்தவர் அந்தக் காவல்காரர்தான். பிறகு டாக்டர் படத்தைக் காட்டினார். முக எலும்புக்குள் காற்று நிற்கும் பொந்துகள் கறுப்பாகத் தெரிந்தன. கண்ணுக்குக் கீழே ஒன்று மட்டும் வெளுத்திருந்தது. அங்கேதான் சீழ் என்றார்.

"எனக்கும் அதே எடந்தான் டாக்டரய்யா. தோட்டத்து ஆஸ்பத்திரில தலைவலி மாத்திரைதான் தர்றாங்க. மெஷின் இங்கதான இருக்கு, எனக்கும் ஒண்ணு எடுங்கலா."

"நீ என்னய்யா, ஒட்டகமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார்.

ஒட்டகம் தேறியது. அவர் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கி, தன் லயத்து வீட்டு ஜன்னலில் ஒட்டினார். யார் நலம் விசாரித்தாலும், ஒட்டகத்தின் முகத்தில் வெளுத்த இடத்தைத் தொட்டு, "இங்கதான் வலிக்குது" என்பார். கேலி செய்கிறார் என்று நினைத்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சிரிக்கவில்லை.