ஹாலாஸ்யம் வாசித்த நோட்டீஸ்கள்

அகிலாண்டத்தின் அண்ணன் ஹாலாஸ்யத்துக்கு இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு என்று சிம்மக்கல்லில் நாலு தெரு நம்பியது. நம்பாதவள் ஒருத்திதான். அவள் அவருக்கே சமைத்துப் போட்டுக்கொண்டு அவர் வீட்டு அடுக்களையிலேயே இருந்தாள்.

மனுஷர் ஒரு சர்க்கார் ஆபீஸில் நகல் எழுதும் குமாஸ்தா. கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும், அதில் குறை சொல்ல முடியாது. எந்த இங்கிலீஷ் கடிதத்தை மேஜையில் வைத்தாலும் ஒரு புள்ளி பிசகாமல் பார்த்து எழுதிவிடுவார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்கக்கூடாது. வாசலில் கோலம் போடுகிறவள் கோலத்தை வாசித்தா சொல்கிறாள்? அந்த மாதிரிதான். ஆனால் கோலம் போடுகிறவள் தெருவைக் கூட்டிவைத்துக்கொண்டு சவடால் அடிப்பதில்லை. இவர் அடித்தார்.

உத்தியோக உயர்வுக்கு ஒரு பரீட்சை இருந்தது. இங்கிலீஷ் பேப்பரில் ஒரு விளம்பரமோ நோட்டீஸோ கொடுத்து, கீழே ஐந்து கேள்வி கேட்பார்கள். என்ன விஷயம், எந்த இடம், எந்தத் தேதி, யாருக்கு, கையெழுத்து யார். இதற்காக ஹாலாஸ்யம் புதுமண்டபத்துப் புஸ்தகக் கடையில் பழைய கைடு ஒன்று வாங்கிவந்தார். வழுக்கைக்குத் தைலம், காணாமற்போன நாய், ஏலம், கச்சேரி, பொருட்காட்சி என்று இருநூறு மாதிரி விளம்பரங்கள் அதில் இருந்தன. விடையும் தமிழ் அர்த்தமும் கடைசிப் பக்கங்களில். கேள்வி கேட்க ஓர் ஆள் வேண்டுமே? பெண்டாட்டி அனந்தலக்ஷ்மி இரண்டாம் கேள்விக்குள் தூங்கிவிடுவாள். மிச்சம் இருந்தது தங்கைதான்.

"சும்மாத்தானே இருக்கே, இப்படி வந்து உக்காரு" என்றார்.

சும்மா இருந்தாளாம்! பதினேழு வயசில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். விடியற்காலை தண்ணீர் இழுப்பதிலிருந்து ராத்திரி அடுப்பு மெழுகுவது வரைக்கும் அத்தனையும் அவள் தலையில்தான். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது பாஸ். இங்கிலீஷில் எழுத்துக் கூட்டத் தெரியும், அவ்வளவுதான். சாயங்காலம் விளக்கேற்றியதும் விடைப் பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்க உட்காருவாள். அண்ணன் பதில் சொல்லுவார். காணாமற்போன நாயை விற்பனைக்கு என்பார். ஏலத்தைக் கல்யாணம் என்பார். அவள் விடையைப் பார்த்து, "அப்படி இல்லையே அண்ணா" என்றால், "அச்சுப் பிழை. நோக்கு என்னடி தெரியும்?" என்று எரிந்து விழுவார். அந்தப் புஸ்தகத்தில் அவர் கண்டுபிடித்த அச்சுப் பிழைகள் நூற்றுக்கு மேலே இருக்கும்.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. விடையையும் நோட்டீஸையும் மாற்றி மாற்றிப் பார்த்ததில் அகிலாண்டத்துக்கு ஒவ்வொரு வார்த்தையாகப் பிடிபட்டது. ஒரு நாள் கடைசிப் பக்கத்தைத் திருப்பாமலே பதில் தெரிந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன் மூன்று தடவை பரீட்சை எழுதி மூன்று தடவையும் கோட்டைவிட்டார். பிறகு பரீட்சையே யோக்கியமில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அதே சாயங்கால வேளையில் அக்கம்பக்கத்தாருக்குப் பேப்பர் வாசித்து அர்த்தம் சொல்ல ஆரம்பித்தார். தோல்விக்கு அப்புறம் கொஞ்சமாவது கூச்சம் வரும் என்று எதிர்பார்த்தாளே, அவள் அசடு.

எதிர்வீட்டுக் கைலாசநாத குருக்கள் தினம் வருவார். கோயில் காரியத்தை மகனிடம் விட்டுவிட்டுப் பொழுது போகாமல் இருந்த மனுஷர். வாரத்துக்கு ஒரு நாள் தவசி வருவார். ஆனையூரில் பயிர் வைக்கிற சம்சாரி, காய்கறி வண்டியைக் கடையில் இறக்கிவிட்டு, கையில் ஏதாவது இங்கிலீஷ் காகிதம் இருந்தால் கொண்டுவந்து நீட்டுவார். இரண்டு பேருக்கும் ஹாலாஸ்யம் சொன்னது வேதம்.

முப்பத்தைந்தாம் வருஷம் தை மாசம், தவசி ஒரு மாட்டுக் கண்காட்சி நோட்டீஸ் கொண்டுவந்தார். தமிழ் நோட்டீஸ் தீர்ந்துவிட்டது என்று இங்கிலீஷில் ஒன்றை அவர் கையில் திணித்து அனுப்பியிருந்தார்கள்.

"எந்த ஊருல சாமி, என்னைக்கு?" என்று கேட்டார். "நம்ம மயிலைக் காளை ரெண்டையும் ஓட்டிட்டுப் போகலாம்னு பார்க்கேன்."

ஹாலாஸ்யம் கண்ணாடியைத் துடைத்தார். உதட்டை அசைத்தார். "மேலூர். வெள்ளிக்கிழமை" என்றார்.

தண்ணீர்ச் செம்பை வைக்க வந்த அகிலாண்டம், பெஞ்சியில் கிடந்த நோட்டீஸைப் பார்த்தாள். கொட்டை எழுத்தில் திருமங்கலம், வியாழக்கிழமை என்று இருந்தது. அடியில் பொடி எழுத்தில் அச்சடித்த அச்சாபீஸின் ஊர் மேலூர் என்று இருந்தது. மகா பண்டிதர் கண்ணுக்கு அதுதான் அகப்பட்டிருக்கிறது. அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. வேற்று ஆம்பிளைகளுக்கு முன்னால் அண்ணனைத் திருத்துவதா? அப்புறம் இந்த வீட்டில் இருக்க முடியுமா? செம்பை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரம் தவசி வந்து தூணோரம் உட்கார்ந்தார். காலில் துணி சுற்றியிருந்தது.

"மேலூர்ல ஒரு ஈ காக்கா இல்லையே சாமி. அம்புட்டுத் தூரம் மாட்டை நடத்திக் கூட்டிப் போயி, திரும்பி வந்தேன். ஒரு காளைக்குக் குளம்பு போச்சு."

"கடைசி நிமிஷத்துல வெள்ளைக்காரன் இடத்தை மாத்திப்பிட்டான். அதுக்கு நான் என்னய்யா பண்றது?" என்றார் ஹாலாஸ்யம், வாய் கூசாமல். தவசி, வெள்ளைக்காரனை நாலு வார்த்தை திட்டிவிட்டு எழுந்து போனார். அன்றைக்குச் சோற்றில் கை வைக்கும்போது அகிலாண்டத்துக்கு அண்ணன் மேல் வந்த வெறுப்பில் பாதி தன் மேலேயே வந்தது.

அடுத்த வருஷம் சித்திரையில் பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது. திருச்சிராப்பள்ளியில் பெண்களுக்கு உபாத்தியாயினிப் பயிற்சி. எட்டாவது பாஸ் செய்திருந்தால் போதும். விதவைகளுக்கு முதலிடம். சாப்பாடும் தங்க இடமும் அவர்களே தருவார்கள். ஹாலாஸ்யம் அதையும் விடவில்லை.

"சீமையிலே பி.ஏ. படிச்ச துரைசானிகள் வேணுமாம். நம்மூர்ல யார் இருக்கா?" என்றார். குருக்கள் தலையை ஆட்டினார்.

கதவுக்குப் பின்னால் நின்ற அகிலாண்டம், தன்னை அனுப்ப மனசில்லாமல் அண்ணன் பொய் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். எல்லாரும் போன பிறகு பேப்பரை எடுத்து ஒரு வரி விடாமல் படித்தாள். அப்புறம்தான் உறைத்தது. பொய் இல்லை. மனுஷருக்குத் தெரியவே இல்லை. பொய் என்றால்கூடக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும்.

மறுநாள் கேட்டே விட்டாள். "அண்ணா, நான் வாத்தியாரம்மா வேலைக்குப் படிக்கட்டுமா?"

"நம்மாத்துப் பொம்மனாட்டி சம்பளத்துக்குப் போறதா? தெருவே சிரிக்கும்" என்றார். அடுக்களையிலிருந்து அனந்தலக்ஷ்மி, "ஆத்து வேலையை யார் பார்ப்பா?" என்றாள். அவளாவது உள்ளதைச் சொன்னாள்.

அகிலாண்டத்துக்கு இருபத்து மூன்று வயசு. இருபத்து மூன்றுக்கு மேல் எடுக்கமாட்டார்கள். இதை விட்டால் சாகிற வரைக்கும் அந்த அடுப்பும் அந்தக் கேணிக் கயிறும்தான். அவள் ஒரு கார்டு எழுதித் தபால்காரனிடம் கொடுத்தாள். விண்ணப்பப் படிவம் ஒரு மத்தியானம் வந்து சேர்ந்தது. பேர், வயசு, படிப்பு எல்லாவற்றையும் இங்கிலீஷில் அவளே நிரப்பினாள். கடைசியில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. 'என் பாதுகாப்பிலுள்ள மேற்படி பெண் பயிற்சியில் சேர எனக்குப் பூரண சம்மதம்.' அதன் கீழே பாதுகாவலர் கையெழுத்துப் போடவேண்டும். மே பதினைந்துக்குள் படிவம் போய்ச் சேரவேண்டும். அன்றைக்குப் பன்னிரண்டு.

தானே போட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. ஆனால் அண்ணன் கையெழுத்தின் சுழிகளை வேறு யாராலும் போட முடியாது. மேலும், திருடிக்கொண்டு போவதற்கா இரண்டு வருஷம் விடைப் பக்கத்தை மடியில் வைத்திருந்தாள்?

சாயங்காலம் குருக்களும் தவசியும் இருக்கும்போதே படிவத்தைக் கொண்டுபோய் அண்ணன் முன்னால் வைத்தாள். மையும் பேனாவும் வைத்தாள்.

"தபால்ல வந்தது. கையெழுத்து வேணுமாம். படிச்சுப் பார்த்துட்டுப் போடு அண்ணா."

"என்னது?"

"இங்கிலீஷ்ல இருக்கே. நீதான் சொல்லணும்."

அதற்கு மேல் நியாயமாக என்ன சொல்லிவிட முடியும்? ஹாலாஸ்யம் காகிதத்தைத் தூரத்தில் பிடித்தார். கிட்டத்தில் பிடித்தார். 'ம்... ம்...' என்று கொட்டினார். அவர் பேர் இருந்தது, தங்கை பேர் இருந்தது, வயசு இருந்தது. அது போதும் அவருக்கு.

"ஜனக்கணக்கு. ஆத்துல யார் யார் இருக்கா, என்ன வயசுன்னு கேக்கறான்" என்று இரண்டு பேருக்கும் விளக்கினார்.

"நன்னாப் படிச்சயா அண்ணா? முழுக்க?" என்று அகிலாண்டம் மறுபடியும் கேட்டாள். இல்லை, எனக்குப் புரியவில்லை என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், தானே உட்கார்ந்து வரி வரியாக அர்த்தம் சொல்லிவிடுவது என்று நிஜமாகவே நினைத்திருந்தாள். வேண்டாம் என்றால் காகிதத்தைக் கிழித்துப்போடவும் தயாராக இருந்தாள்.

"ஒரு தடவைக்கு ரெண்டு தடவை படிச்சாச்சு. போடி, பெரிசா கேக்க வந்துட்டா" என்று சொல்லி, ஐந்து சுழியும் ஒரு அடிக்கோடுமாகக் கையெழுத்தைப் போட்டு, ஊதிக் காயவைத்துக் கொடுத்தார். மறுநாள் காலையில் அது தபாலில் போயிற்று.

ஜூன் மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பதில் வந்தது. உறையின் மேல் ஹாலாஸ்யத்தின் பேர்தான். சபை கூடியிருந்தது; தவசியும் வந்திருந்தார். பிரித்துப் பார்த்துவிட்டு, "ஜனக்கணக்குக்கு உதவி பண்ணினதுக்கு நன்றி சொல்லியிருக்கான். நம்ம கையெழுத்தைப் பார்த்திருப்பான்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அகிலாண்டம் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். பழைய இடத்திலேயே, அண்ணனுக்கு எதிரே, உட்கார்ந்தாள்.

"அண்ணா, என்ன விஷயம்?"

"அதான் சொன்னேனே, நன்றி."

"இல்லை. பயிற்சிக்கு என்னை எடுத்துண்டிருக்கா. எந்த இடம்?"

ஹாலாஸ்யம் காகிதத்தைப் பார்த்தார்.

"திருச்சிராப்பள்ளி. எந்தத் தேதி? ஜூலை ஒண்ணு, காலம்பற ஒன்பது மணி. யாருக்கு? அகிலாண்டம், வயசு இருபத்து மூணு." அவள் காகிதத்தைத் தொடவே இல்லை. அவர் மடியில் விரித்திருந்ததைத் தலைகீழாகப் பார்த்தே சொன்னாள். "சம்மதம்னு கையெழுத்துப் போட்டது யாருன்னும் அதிலேயே எழுதியிருக்கு. அதை நீயே சொல்லு."

குருக்கள் எட்டிப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாவிட்டாலும் ஹாலாஸ்யத்தின் முகம் தெரிந்தது.

"ஓய், தெரிஞ்சுதானே கையெழுத்துப் போட்டீர்?"

தெரியாது என்றால் தங்கையை நிறுத்திவிடலாம். ஒரு வார்த்தைதான். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் நாளைக்கு இந்தக் கூடத்தில் எவன் வந்து உட்காருவான்? ஹாலாஸ்யம் தொண்டையைச் செருமினார்.

"தெரியாமலா போடுவேன்? நான்தான் அனுப்பறேன். முன்னாடியே சொன்னா கண் படும்னு சொல்லலை" என்றார்.

அகிலாண்டம் அவரை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். சீ என்று இருந்தது. எழுந்து போய் அரிசி களைந்தாள்.

கிளம்புகிற நாளன்று டிரங்குப் பெட்டியை ஹாலாஸ்யமே தூக்கிக்கொண்டு வந்து, தெருவெல்லாம் கேட்கும்படி, பெண்களைப் படிக்கவைப்பதன் அவசியத்தைப் பற்றிப் பேசினார். வண்டி தவசியுடையது. துணைக்குக் குருக்கள் வந்தார். ஏறின சூட்டோடு கண் அசந்துவிட்டார்.

மேலக் கோபுரம் தாண்டியதும் தவசி மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பின்னால் நீட்டினார். நாலாக மடித்து, பழுப்பேறியிருந்தது.

"போன வருஷத்துக் கண்காட்சி நோட்டீசு. வெள்ளைக்காரன் இடத்தை மாத்துனதாச் சொன்னாரே சாமி. மாத்தாம முன்னாடி எந்த ஊருன்னுதான் போட்டிருந்துச்சு தாயி?"

அவள் பிரிக்கவில்லை.

"திருமங்கலம். வியாழக்கிழமை. அன்னிக்கே பார்த்தேன், தவசி. நேக்குத் தெரியும். பயந்துண்டு சொல்லலை."

தவசி காகிதத்தை வாங்கி மடியில் செருகிக்கொண்டார். ஸ்டேஷன் வந்தது. வண்டியை நிறுத்தி, பெட்டியை இறக்கி வைத்து, தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"போகப் பதினெட்டு மைலு, வரப் பதினெட்டு மைலு, தாயி" என்றார். "நீ போறியே, அங்கனயாச்சும் தெரிஞ்சதை வாயைத் தொறந்து சொல்லு."