இரண்டாம் தடவை கேட்காத கேள்வி

ஒருவர் "ஒண்ணுமில்ல" என்று சொன்னால் அதை "ஆம்" என்ற கட்டத்தில் குறிப்பதா, "இல்லை" என்ற கட்டத்திலா? எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

போன வருஷம் அஞ்சல் வழியில் உளவியல் படித்துக்கொண்டிருந்தேன். பிறர் மனக்கஷ்டத்தைக் கேட்டு ஆற்றும் ஆலோசகராக வேண்டும் என்று ஆசை. வேலைக்குப் போகும் பெண்களின் மனநிலையை ஆராய்ந்துகொண்டிருந்த பேராசிரியை ஒருவர், சம்பளமில்லாமல் உதவ ஆள் தேடினார். இரண்டு வயது மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினேன். கையில் சைக்ளோஸ்டைல் செய்த கேள்வித்தாள்கள். பேராசிரியையின் விதி ஒன்றுதான்: எல்லோரிடமும் ஒரே வார்த்தைகளில், ஒரே தடவை கேட்க வேண்டும். மறுபடி கேட்டால் பதிலை நாமே வரவழைத்தது போலாகிவிடும்.

பேண்டேஜ் துணி மடிக்கும் வேலைக்குப் போகும் ஓர் அக்காவை அவர் வீட்டில் பார்த்தேன்.

"காபி போடட்டுமா?"

"வேண்டாம்க்கா."

"வெயில்ல வந்திருக்கீக. செத்த நேரம் இருங்க, போட்டுத் தரட்டுமா?"

"சரிக்கா."

வாசலில் நின்ற பக்கத்து வீட்டுப் பெண் சிரித்தாள். "எல்லாத்தையும் சொல்லிராத. மாமியாளைப் பத்தியும் கேப்பாகளாம்."

"கேக்கட்டும். ஒரு தாள் பத்தாதே," என்றார் அக்கா.

பாதி கேள்விகள் வரை அப்படியே கலகலப்பாகப் போயிற்று. "காரணமில்லாமல் அழுகை வருவதுண்டா?" என்று வாசித்தேன். அவர் காலி டம்ளரை எடுத்தார், மறுபடியும் கீழே வைத்தார்.

"ஒண்ணுமில்லம்மா. நல்லாத்தான் இருக்கேன்."

நான் "இல்லை"யில் குறியிட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

சில வாரம் கழித்து ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிச் சீட்டைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். இளைத்திருந்தார்.

"தூக்கமே வரமாட்டேங்குது. அன்னைக்கு நீங்க இன்னொரு மட்டம் கேப்பீகன்னு பாத்தேன்," என்றார். பிறகு லேசாகச் சிரித்தார். "காபிக்கு நான் ரெண்டு தடவ கேட்டேன்ல?"

வீட்டில் மகளுக்குக் காய்ச்சல். பஸ் நகரத் தொடங்கியிருந்தது. "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். மகளுக்காகத்தான் ஏறினேனா, அவர் மேலே பேசிவிடுவார் என்று பயந்து ஏறினேனா என்று பல தடவை யோசித்துவிட்டேன். யோசித்து யோசித்து அலுத்தும்விட்டது.

நான் குறித்தவற்றில் எத்தனை "இல்லை" உண்மையில் "ஒண்ணுமில்ல" என்று நினைவில்லை. பேராசிரியைக்கு இதை எழுதினேன். விதிப்படிதான் செய்திருக்கிறீர்கள் என்று பதில் எழுதி, ஆலோசகர் படிப்புக்கு விண்ணப்பிக்க நற்சான்றிதழும் அனுப்பினார். "பொறுமையாகக் கேட்பவர்" என்று அதில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது, "என்ன, ஒரு மாதிரி இருக்க?" என்றார் கணவர். "ஒண்ணுமில்ல" என்றேன். அவர் பேப்பரைப் புரட்டினார்.

விண்ணப்பம் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. அந்த அக்காவின் வீடு எனக்குத் தெரியும். ஆனால் இத்தனை மாதம் கழித்து எந்த முகத்தோடு போவது? நான் போய் நின்று, அவர் மறுபடியும் "ஒண்ணுமில்ல" என்றால்? படிக்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள்: இன்னொரு தடவை கேட்கலாமா?