அரக்கனை எழுப்பாமல் தாண்டணும்

இன்னிக்குக் காலை ஷிஃப்ட் முடிஞ்சு காக்களூர் கம்பெனியிலிருந்து நேரா பிரவுசிங் சென்டருக்குப் போனேன். மகள் எழுதின கம்ப்யூட்டர் விளையாட்டை நெட்டில் ஏற்றணும். அதில் படமே கிடையாது. "கதவைத் திற" என்று டைப் அடித்தால் கதை நகரும், பின்னால் இசை வரும். நாலு மணிக்கு அவள் காலேஜில் போட்டி நடுவர்கள் திறந்து பார்ப்பார்களாம்.

ஏற்றிவிட்டுப் பெருமையாக டீ குடித்தேன். மூணே முக்காலுக்கு மகளின் போன்.

"நைனா, சத்தமே வரல! பாட்டு ஃபோல்டர ஏத்தினியா?"

"கதையோட தானா போயிருக்கும்னு நெனச்சேன்மா."

"இன்னா நைனா நீ! சத்தம் இல்லன்னா போட்டியே போச்சு!"

போனைக் காதில் வைத்துக்கொண்டே திரும்ப ஓடினேன். பாட்டு ஃபோல்டர் தொண்ணூறு சதவீதம் ஏறினதும் நெட் நின்றது. எனக்கு மூச்சும் நின்றது. ரெண்டு நிமிஷம் பாக்கி இருக்கும்போது ஏறி முடிந்தது.

சோதிக்க, "குகைக்குள் போ" என்று அடித்தேன். உள்ளே அரக்கன் தூங்குகிறான். அவன் சத்தத்தில் பக்கத்து சீட்காரர் எழுந்தே விட்டார்.

"எங்கேம்மா புடிச்சே இந்தச் சத்தத்த?"

"உன் கொறட்டதான் நைனா. அம்மா செல்லுல ரெகார்ட் பண்ணிச்சு."

அரக்கனை எழுப்பாமல் தாண்டினால்தான் ஜெயிக்க முடியுமாம். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் அம்மா தினமும் ஜெயிக்கிறாளாம்.

லிங்க் கீழே இருக்கு. நீங்க தாண்டினீங்களா, சொல்லுங்க.