நான் நிறுத்திய தறிகள்

காது கேட்கும் கருவி பொருத்தும் வேலையில் பல வருஷம் ஓட்டிவிட்டேன். புதிதாக வருபவர்கள் என் சாமர்த்தியத்தைப் பற்றிக் கேட்பார்கள். நான் அசடு வழிந்ததைத்தான் முதலில் சொல்வேன்.

கோதண்டம் ஐயா டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சின்ன காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு ஒன்றின் கோடியில் தனியாக இருந்தார். இரண்டு காதும் மந்தம். கருவியை மாட்டி, கம்ப்யூட்டரில் நாய்ஸ் ரிடக்‌ஷனைக் கடைசி வரை ஏற்றிவிட்டேன். சுற்றியிருக்கும் இரைச்சலை அது அமுக்கிவிடும், பேச்சு மட்டும் பளிச்சென்று கேட்கும். நான் மெதுவாகச் சொன்ன வார்த்தைகளை எல்லாம் தப்பில்லாமல் திருப்பிச் சொன்னார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தார்.

“பேச்சு நல்லா கேக்குதும்மா. வெள்ளிக்கிழமை பொண்ணு வர்றா. வூட்டைப் பூட்டிக்கினு அவகூட பெங்களூருக்கே போயிடறேன்.”

“ஏன் ஐயா, திடீர்னு?”

“தெருவே செத்துப்போச்சும்மா. என் காதுதான் மந்தம்னு இருந்தேன். மிஷின் போட்டும் ஒரு தறிச் சத்தம்கூட இல்ல. எல்லாரும் வேலை இல்லாம குந்திக்கினு இருக்காங்க போல. அந்தச் சத்தம் இல்லாத தெருவுல எனக்கு என்னா இருக்குது?”

“யாரையாவது கேட்டீங்களா?”

“நல்லா சொன்னம்மா! தறி நின்ன வூட்ல போய் ஏன் நின்னுச்சுன்னு எவனாவது கேப்பானா? அவங்க மொகத்தைப் பாக்கவே சங்கடமா இருக்குது. அந்தப் பக்கமே போறதில்ல.”

நான் தினமும் அந்தத் தெரு வழியாகத்தான் வேலைக்கு வருவேன். தறிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. கருவி அதையும் இரைச்சல் என்று அமுக்கிவிட்டது. அப்படிச் செய்யச் சொன்னதே நான்தான்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவருடன் கிளம்பினேன். தெருமுனை டீக்கடை பெஞ்சில் வைத்து, செட்டிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். பாதிக்கு வந்ததும் அவர் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் டக் டக்கென்று தறிகள். அதற்கடியில் எங்கோ குக்கர் விசில், கோயில் பக்கமிருந்து மேளம். தூக்கத்தில் நடப்பவர் போல அவர் போக, நானும் பின்னாலேயே போனேன். தினமும் வரும் தெருதான், அன்றைக்குத்தான் முதல்முறை கேட்பது போல இருந்தது. அப்படியே நடந்துகொண்டிருக்கலாம் என்று தோன்றியது.

ஒரு ஜன்னலில் நின்றார். “எல்லம்மா, தறி ஓடுதா?”

உள்ளே சத்தம் நின்றது. “எப்ப நின்னுச்சு, ஓடாம? பத்து நாளா இந்தப் பக்கமே காணோம். எங்க மேல இன்னா கோவமோன்னு எல்லாரும் மருகிக்கினு இருந்தோம்ணா.”

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது, வெட்கத்தில்.

வெள்ளிக்கிழமை வந்த மகள் நான்கு நாள் இருந்துவிட்டுத் தனியாகத் திரும்பினாள். அவளுக்கு என்மேல் கொஞ்சம் கோபம்தான்.

கருவியைத் தொடுவதற்கு முன்னால், வீட்டுக்குப் போனால் காதில் என்ன விழ வேண்டும் என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. ஒரு மனிதரை அவர் ஊரைவிட்டே கிளப்ப, என்னுடைய ஒரு கிளிக் போதுமாக இருந்தது.