சண்டைக்கு முந்தின சுவர்

வீட்டுத் தரகருக்குத் தெருவில் வைத்த பேர் ‘முந்தி’. எதை விற்றாலும் “சண்டைக்கு முந்தினது” என்பார் மனுஷன். குண்டு போட்டு ஊரையே இடித்த அந்தப் போர்ச்சண்டை முடிந்த கையோடு கட்டியதெல்லாம் அவசரக் கட்டடம், கலவைக்கு சிமென்ட்டைக் கண்ணில்கூடக் காட்டவில்லை என்று ஊரில் ஒரு நம்பிக்கை. அதனால் அந்த ஒரு சொல்லுக்கே விலை ஏறும். கதவு, குழாய், படிக்கட்டு, எல்லாமே அவர் வாயில் சண்டைக்கு முந்தினதுதான். இத்தனைக்கும் ஐயா பிறந்ததே சண்டை ஓய்ந்த பிறகு. அதைக் கேட்டால் மட்டும் அவருக்குக் காது கேட்காது.

இப்போது அவருக்குத் தாம் குடியிருக்கும் வீட்டையே விற்க வேண்டிய கட்டாயம். மனைவிக்கு முட்டி வலி. மாடிப்படி ஏறும்போதெல்லாம் அவள் முனகுவதைக் கேட்டு மனுஷனுக்கு மனசே ஆறவில்லை. லிஃப்ட் உள்ள குடியிருப்பில் ஓர் இடம் பார்த்து வைத்திருந்தார். இது விற்றால்தான் அது கிடைக்கும். ஆனால் இந்த வீடோ சண்டைக்குப் பிந்தினது. கட்டி, மகளுக்கே எழுதிக் கொடுத்தவர் அவருடைய மாமனார், பழைய கொத்தனார். அவர் கூடத்து நாற்காலியில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தார்.

“மாமா, வர்றவங்க கிளம்புற வரைக்கும் வாயைத் திறந்துடாதீங்க. உங்க பொண்ணு முட்டிக்காகத்தான் சொல்றேன்.”

“நான் ஏன் மாப்பிள்ளை பேசப் போறேன்?” என்றார் கொத்தனார்.

வீடு பார்க்க வந்தது ஒரு நர்ஸம்மா. கெட்டிக்காரி. சுவரைத் தட்டினாள், மூலையை முகர்ந்தாள், ஈரம் தேடித் தடவினாள். ஒரு குறையும் அகப்படவில்லை. தரகருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அத்தோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே?

“சண்டைக்கு முந்தின கைவேலைம்மா இது! பின்னால வந்த கொத்தனுங்களுக்கு இப்படிப் பூச வருமா? அதெல்லாம் சாணி அப்புற கை!”

நாற்காலி கிறீச்சிட்டது.

“யாருய்யா சாணி அப்பினது?” கொத்தனார் எழுந்தே விட்டார். “இந்தச் சுவத்தை எழுப்பினது நான்! சண்டை முடிஞ்சு எழுப்பினேன்!”

தரகர் முகத்தில் ஈயாடவில்லை. சமையலறை வாசலில் மனைவி ஒரு கையால் முட்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தலையில் அடித்துக்கொண்டாள்.

“அப்போ இது முந்தின வீடு இல்லையா?” என்றாள் நர்ஸம்மா.

“முந்தின வீடும் இருந்துச்சும்மா. இதே இடத்துல. எங்கப்பா கட்டினது, இதைவிட அழகு. ஒரே நாள்ல மண்ணோட மண்ணாப் போச்சு. அந்தக் கல்லையே பொறுக்கிக் கட்டினதுதான் இது. இன்னொரு சண்டை வந்தாலும் என் பொண்ணு தலையில விழுந்துடக் கூடாதுன்னு பயந்து பயந்து கட்டினேன். போதுமா?” கிழவர் சுவரில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டார்.

நர்ஸம்மா இன்னொரு தடவை சுவரைத் தட்டினாள்.

“தரகரே, நீங்க சொன்னப்போ எனக்கு நம்பிக்கையே வரலை. இவர் சொன்னதும் வந்துருச்சு. நான் எடுத்துக்கறேன்.”

அவள் போன பிறகுதான் தரகருக்கு மூச்சே வந்தது. மனைவி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள்.

“ஆமா மாப்பிள்ளை,” என்றார் கொத்தனார், “நாம போற அந்த லிஃப்ட் வீடு எப்போ கட்டினது?”

பழக்கதோஷத்தில் அந்தச் சொல் நுனிநாக்கு வரை வந்தது. தரகர் விழுங்கிக்கொண்டார்.

“பிந்தினதுதான் மாமா. நல்லாவே பிந்தினது.”

“அப்போ சரி. எதுக்கும் நான் ஒரு தட்டு தட்டிப் பார்த்துட்டுத்தான் உள்ள வருவேன்.”